பூண்டு தின்ற செவலை

செவலை நாயின் காதெல்லாம் உண்ணி. சொறிந்து சொறிந்து அதற்குத் தூக்கமே போயிற்று.

"பூண்டு தின்னு, எல்லாம் ஓடிடும்" என்றது பக்கத்து வீட்டுப் பூனை.

"நீ தின்னிருக்கியா?"

"ஐயே, நாத்தம்!"

செவலை அதை நம்பித் தினமும் பூண்டைக் கடித்து விழுங்கியது. வாய் நாற்றத்தில் சிநேகித நாய்கள் ஓடின, உண்ணிகள் ஓடவில்லை. சில நாளில் ஈறு வெளுத்து, எழுந்தாலே தலை சுற்றியது.

காதுக்குள்ளிருந்து ஓர் உண்ணி கெஞ்சியது: "அண்ணே, பூண்டை விட்டுடுங்க. உங்க ரத்தம் தண்ணியாப் போச்சு. நீங்க போயிட்டா நாங்க எங்கே போவோம்?"

செவலை பயந்துபோய் அன்றே பூண்டை நிறுத்தியது. மெல்லத் தெம்பு திரும்பி, வாலும் ஆடியது. தன்மேல் இவ்வளவு அக்கறையா என்று அதற்கு நெஞ்சு நெகிழ்ந்தது.

"தம்பி, உண்ணி போக உண்மையிலேயே என்னதான் மருந்து?"

"அதை மட்டும் என்கிட்ட கேக்காதீங்கண்ணே" என்றது உண்ணி.