நீதிபதிக்கு ஒன்றும் வேண்டாம்

நீதிபதிகள் லஞ்சம் வாங்குவதை ரகசிய கேமராவில் பிடித்து அலுத்துப்போய், கடைசியில் சட்டமே போட்டுவிட்டார்கள். ஒவ்வொரு நீதிபதியும் நாள் முழுக்கச் சட்டையில் கேமராப் பொத்தான் அணிய வேண்டும். யார் வேண்டுமானாலும் நேரலையில் பார்க்கலாம்.

மாவட்ட நீதிபதி மாசிலாமணி நேர்மையானவர். ஒருநாள் காலை மனைவி செண்பகவல்லியிடம், "முட்டி ரொம்ப வலிக்குது" என்றார். மதியத்துக்குள் வாசலில் பதினேழு தைலப் புட்டிகள் வந்திறங்கின. அவர் விசாரித்துவந்த குவாரி வழக்கில் வாதி அனுப்பியவை எட்டு, பிரதிவாதி அனுப்பியவை ஒன்பது.

எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிவிட்டு, "இனிமே இது வேணும் அது வேணும்னு வாயத் திறக்காதே" என்றார்.

"மிக்ஸி ரிப்பேர்னுகூட சொல்லக் கூடாதா?"

சாயங்காலம் மூன்று மிக்ஸிகள் வந்தன.

செண்பகவல்லிக்கு அழுகையே வந்துவிட்டது. கணவரின் பொத்தானுக்கு நேராகக் குனிந்து கத்தினாள். "எங்களுக்கு ஒண்ணும் வேணாம்யா! என் புருஷன்கிட்ட பத்து நிமிஷம் தனியாப் பேசணும், அவ்வளவுதான்!"

மறுநாள் இரண்டு தரப்பிலிருந்தும் ஏற்காட்டு பங்களாச் சாவிகள் வந்தன. ஒன்றோடு ஒரு சீட்டும் இருந்தது: "அம்மா, இங்கே சிக்னலே கிடைக்காது."

மாசிலாமணி பெருமூச்சு விட்டபடி இரண்டு சாவிகளையும் உறைகளில் போட்டு முகவரி எழுதினார். "பசை எங்கே?" என்றார்.

செண்பகவல்லி உறைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தீந்துபோச்சுங்க."

பத்தே நிமிடத்தில் வாசல் மணி அடித்தது. பசை வந்திருந்தது.