ஒரே வார்த்தை

வீட்டில் பேசியதையெல்லாம் இருபது வருடமாகச் சேர்த்து வைத்திருந்த கணினியில் இடம் தீர்ந்துபோனதால், ஸ்டெல்லா அத்தனையையும் ஒரே கோப்பாகச் சுருக்கி வைத்திருந்தாள். கணவர் வியாகுலம் இறந்த மறுமாதம், அவர் தினமும் வேலை முடிந்து வந்து வாசலில் கூப்பிட்டதைக் கேட்க ஆசைப்பட்டு அந்தக் கோப்பை விரித்தாள்.

“ஸ்டெல்லா, கதவத் தொற.”

அடுத்த நாள் பதிவிலும் அதே குரல். அதற்கடுத்த நாளும் துளி மாறவில்லை.

“காய்ச்சலோட வந்தாரே, அந்தக் குரல் எங்க?” என்று கணினியிடம் கேட்டாள்.

“எல்லா நாளும் ஒரே வார்த்தைதான். அதனால ஒண்ண மட்டும் வச்சுக்கிட்டேன்” என்றது கணினி.

ஸ்டெல்லா புதிய பதிவு ஒன்றைத் தொடங்கி, காய்ச்சலில் அவர் கூப்பிட்டதுபோலவே தொண்டை கரகரக்கத் தன் பெயரைத் தானே கூப்பிட்டாள். அடுத்த பதிவில், சண்டை போட்ட மறுநாள் அவர் தயங்கித் தயங்கிக் கூப்பிட்டதுபோல.