வாங்க வந்தவர் சொல்லட்டும்

“வண்டி ஆக்சிடென்ட் ஆனதுங்க. அதை முதல்லயே சொல்லிடறேன். அப்புறம் பாருங்க” என்றார் பிரபாகர்.

காரைச் சுற்றி வந்துகொண்டிருந்த குரு நின்றுவிட்டார். ஓசூரில் பழைய கார்களை வாங்கிச் சரிசெய்து விற்பவர் அவர். கேட்பதற்கு முன்பே விபத்தைச் சொல்லும் ஆளை இப்போதுதான் பார்க்கிறார்.

நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில், முன்பு பட்டுப்புழு வளர்த்த ஷெட்டில் நின்றிருந்தது அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். அறுபதுகளில் இங்கிலாந்தில் செய்தது. இரண்டே பேர்தான் உட்காரலாம். முன்பக்கத்தில் இடது ஓரம் நசுங்கிக் கிடந்தது.

“எங்கங்க ஆச்சு?”

“தொப்பூர் கணவாய்ல. எறக்கத்துல பிரேக் புடிக்கல. முன்னாடி போன லாரிக்குள்ள போயிடாம ஓரத்துச் சுவத்துல உரசி நிறுத்துனது.” பிரபாகர் ஊன்றியிருந்த தடியைக் காட்டினார். “காலு போனது அதுலதான்.”

ஷெட் வாசலில் காபியோடு வந்த அவர் மனைவி கனிமொழி அங்கேயே நின்றாள்.

“உள்ள வா கனி. சார் என்ன சொல்றாருன்னு நீயும் கேளு.”

“எனக்கு என்னங்க தெரியும். நீங்களே பாருங்க.”

“பரவால்ல, வா.”

வந்தாள். காரின் பக்கம் திரும்பாமலே காபியைக் கொடுத்துவிட்டுச் சுவரோரமாக ஒதுங்கினாள்.

குரு முதலில் ஆர்.சி. புத்தகத்தில் இருந்த சேசிஸ் நம்பரை வண்டியோடு ஒப்பிட்டார். அது சரியாக இருந்தது. பிறகு பையிலிருந்து சின்னக் காந்தம் ஒன்றை எடுத்துக் கதவில் வைத்தார். ஒட்டிக்கொண்டது. கதவுக்குக் கீழே வைத்தார். வழுக்கி விழுந்தது.

“இங்க தகரமே இல்லீங்க. பட்டி பூசி மேல பெயிண்ட் அடிச்சிருக்கு. நீங்க வாங்கறப்ப பாக்கலியா?”

“கலரைப் பாத்தேன். சாவியக் குடுங்கன்னேன்.”

குரு சிரித்துக்கொண்டே காருக்குள் விரித்திருந்த கால்மிதியைத் தூக்கி, ஸ்க்ரூ டிரைவரால் வண்டியின் தரையைக் குத்தினார். அது உள்ளே இறங்கிவிட்டது.

“தரை மொத்தமும் துரு. சொன்னா வருத்தப்படுவீங்க.”

“வருத்தமெல்லாம் இல்லீங்க. ஒண்ணு விடாம சொல்லுங்க. அடியிலயும் படுத்துப் பாத்துடுங்க.”

விற்பவர் பேசுகிற பேச்சாக இது குருவுக்குத் தோன்றவில்லை. ஆனாலும் சாக்கை விரித்து, டார்ச்சோடு காருக்கு அடியில் நுழைந்தார். காலி டம்ளர்களை எடுத்துக்கொண்ட கனிமொழி வீட்டுக்குப் போகாமல் நின்றிருந்தாள்.

“பிரேக் குழாய் வெடிச்சிருக்குங்க” என்றபடி வெளியே வந்தார் குரு. “கிளாம்ப் புடிக்கிற எடத்துல நல்லாத் துரு ஏறியிருக்கு. உங்களுக்கு வித்தவன் அது மேலயே கறுப்புப் பெயிண்ட் அடிச்சு மறைச்சிட்டான். இந்த மாதிரி பழைய வண்டியில நாலு சக்கரத்துக்கும் ஒரே லைன். ஒரு எடத்துல போச்சுன்னா நாலும் போச்சு.”

“பதட்டத்துல, பிரேக்குன்னு நெனச்சு வேற எதையாவது மிதிச்சிருந்தா?” கனிமொழிதான் கேட்டாள்.

“அப்படின்னா குழாய் முழுசா இருந்திருக்கும்மா. இது வாய் பொளந்து வெளிப்பக்கமா விரிஞ்சிருக்கு. சார் முழு பலத்தோட பிரேக்கத்தான் மிதிச்சிருக்காரு.”

“சுவத்துல மோதுனதுல ஒடைஞ்சிருக்கலாமில்ல?”

“மோதுனது முன்னாடி. இது பின்சக்கரத்துக்குப் போற குழாய். சுத்தி ஒரு கீறல்கூட இல்ல.”

“வேற யாராவது நல்லா ஓட்டத் தெரிஞ்சவங்க ஓட்டியிருந்தா?”

“அந்த எறக்கத்துல, அத்தனை லாரிக்கு நடுவுல, பிரேக்கே இல்லாம இதை சுவத்துல உரசி நிறுத்துனதே பெரிய விசயம்மா. நானா இருந்தா லாரிக்கு அடியில போயிருப்பேன்.” குரு பிரபாகரிடம் திரும்பினார். “தப்புன்னு சொன்னா, அடியில பாக்காம வாங்குனீங்க பாருங்க, அதுதான் சார். கோவிச்சுக்காதீங்க.”

“தப்பு என்னுதுதான். சரியாச் சொன்னீங்க” என்றார் பிரபாகர். முகத்தில் அப்படியொரு நிம்மதி.

கனிமொழி டம்ளர்களைக் கீழே வைத்தாள். குருவிடமிருந்து டார்ச்சை வாங்கி, சேலையோடு அந்தச் சாக்கில் படுத்துக் காருக்கு அடியில் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். எழுந்தபோது தோளெல்லாம் துருத்தூள், கண்ணெல்லாம் ஈரம். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நசுங்கிய பானெட்டில் ஒரு கணம் கையை வைத்தாள்.

“சாப்பிட்டுட்டுத்தான் போகணும் சார். சமைச்சிடறேன்” என்று சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்து வேகமாக நடந்தாள்.

குருவுக்கு ஒன்றும் புரியவில்லை. “விக்கிறவங்க குறையை மறைப்பாங்க. நீங்க என்னடான்னா கேட்டுக் கேட்டு வாங்குறீங்களே சார்?”

பிரபாகர் வீட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“பிரேக்தான் போச்சுன்னு நானும் சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேங்க, நான் ஆறுதலுக்குச் சொல்றேன்னுட்டா கனி. நம்மூரு மெக்கானிக் சொன்னாரு, நான் சொல்லிக் குடுத்ததுன்னுட்டா. குறை சொல்லி விலையக் கொறைக்க வர்ற ஆளு சொன்னாதான் அவ நம்புவான்னு உங்களைக் கூப்பிட்டேன்” என்றவர் குரலைத் தாழ்த்தினார். “அன்னைக்கு வண்டியை ஓட்டுனது அவதாங்க.”