பாதித் தூரம்

"இன்னும் பாதி தாண்டல்லையா, மகள்?"

றஹ்மா மூன்றாவது தரமாகக் கேட்டாள். விமானப் பணிப்பெண் சிரித்தாள்.

"முதல்தரம் பறக்கிறீங்களோ, அம்மா? பலாலியிலயிருந்து சீனக்குடா நூற்றிப் பதினைஞ்சு மைல். அம்பது நிமிஷப் பயணம். வெளிக்கிட்டு இப்பத்தான் பதினைஞ்சு நிமிஷம்."

பதினைந்துதானா? றஹ்மாவுக்கு ஒரு பகல் முழுக்கக் கழிந்ததுபோல் இருந்தது. யன்னலோரம் இருந்த கணவர் முஹம்மது தம்பி முழுப் பாரத்தையும் அவள் தோளில் சாய்த்திருந்தார். இடுப்புப் பட்டி இறுக்கியது. கை மரத்துப் போயும் அவள் அசையவில்லை.

யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் மூன்று கிழமை கிடந்த மனுசன். "என்ன நம்மட கிண்ணியாவுக்குக் கொண்டு போ" என்பதைத் தவிர வேறு கதையில்லை. சீனக்குடாவில் இறங்கினால் கிண்ணியா கிட்ட; ரயிலில் நாள் முழுக்க ஏலாது என்று மருமகன்தான் இந்த டிக்கட்டை எடுத்துக் கொடுத்தான்.

"நோயாளிக்கு ஏதும் எண்டால், பாதி தாண்ட முன்னம் பிளேன் இஞ்சதான் திரும்பி வரும்" என்று பலாலி விமான நிலையத்தில் ஒருவர் சொல்லியிருந்தார். திரும்பினால் மறுபடி அந்த ஆஸ்பத்திரி, அந்தக் கத்தி.

சால்வையைக் கணவரின் தலையைச் சுற்றி எடுத்து, தாடைக்குக் கீழே இறுக்கி முடிந்தாள்.

"குளிருது இவருக்கு" என்றாள், யாரும் கேட்காமலே.

அடுத்த வரிசையில் இருந்த வேட்டிக்காரர் எட்டிப் பார்த்தார். "ஐயா ஒரு மாதிரி இருக்கிறார். முன்னுக்கு ஒரு டொக்டர் இருக்கிறார், கூப்பிடட்டோ?"

"வேணாம்! நித்திர. ராவெல்லாம் முழிச்சிக் கிடந்தவரு."

அவர் நம்பவில்லை. பட்டியைக் கழற்றி எழும்பினார். அதற்குள் பணிப்பெண் போர்வையோடு வந்துவிட்டாள். முஹம்மது தம்பியின் கையை எடுத்து உள்ளே வைத்து, கழுத்துவரை போர்த்திவிட்டாள். அந்தக் கை அவள் கையில் ஒரு கணம் தங்கியது.

"இருங்கோ, சேர். நித்திரை கொள்ளுற ஆளை ஏன் எழுப்புவான்?" என்றவள், நேரே விமானியின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

றஹ்மாவுக்கு எழும்பவும் ஏலாது, இறங்கவும் ஏலாது. மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று ஒரு பக்கச் சிறகு சரிந்தது. திரும்புகிறது! கணவரின் விரல்களைப் போர்வைக்குள் பிடித்துக்கொண்டு கண்களை மூடினாள்.

திறந்தபோது சிறகு நேராகியிருந்தது. விமானம் போய்க்கொண்டேயிருந்தது.

ஒருவழியாகச் சீனக்குடாவின் எண்ணெய்த் தாங்கிகள் தெரிந்தன. கொட்டியாரக்குடா நீலமாக விரிந்தது. சக்கரம் தரையைத் தொட்டது. எல்லோரும் இறங்கினார்கள். றஹ்மா மட்டும் எழும்பவில்லை.

பணிப்பெண் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மகள், நான் பொய் சொல்லிட்டன். மன்னிச்சிருங்க." றஹ்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏறிப் பத்து நிமிஷத்துலயே இவரு மௌத்தாகிட்டாரு, உசிரு போயிட்டு. திரும்பிப் போனா ஆஸ்பத்திரில உடம்ப வெட்டிப் பாப்பாங்களெண்டு பயந்துட்டன்."

பணிப்பெண் குனிந்து, இறுகியிருந்த அவள் பட்டியைக் கழற்றிவிட்டாள்.

"தெரியும், அம்மா. நோயாளி எப்பிடி, திரும்புவமோ எண்டு கப்டன் கேட்டவர். நித்திரை எண்டு நான்தான் சொன்னனான்."