சிவந்தால்தான் கதவு

பிறந்து ஐந்தே நாளான மகனோடு ஜெனிட்டா மருத்துவமனைக் கண்ணாடிக் கதவின் முன் வந்து நின்றாள். உடல்நிலையை அளக்கக் குழந்தையின் காலில் மருத்துவமனை கட்டியிருக்கும் பட்டை, ஆபத்து என்று கணித்துச் சிவந்தால்தான் அந்தக் கதவு திறக்கும். பட்டை பச்சையாக இருந்தது.

"காலையிலேர்ந்து பால் குடிக்கல அக்கா. எழுப்பினாலும் முழிக்க மாட்டேங்கிறான். உடம்பெல்லாம் மஞ்சளா இருக்கு, பாருங்க."

உள்ளே இருந்த செவிலியர் தமயந்தி குனிந்து பார்த்தாள். உள்ளங்கால் வரை மஞ்சள் இறங்கியிருந்தது. உடனே உள்ளே எடுக்க வேண்டிய குழந்தை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் பட்டையை மீறிக் கதவைத் திறந்த இன்னொரு செவிலியருக்குப் போன மாதம்தான் வேலை போயிருந்தது.

"பட்டை பச்சையாத்தானே இருக்கு. சிவந்ததும் உடனே தூக்கிட்டு வாம்மா" என்றாள்.

மறுநாள் மாலை பட்டை சிவந்தது. வலிப்போடு வந்த குழந்தையை எப்படியோ பிழைக்க வைத்தார்கள்.

ஆறாம் மாதப் பரிசோதனையில் தமயந்தி அவன் முதுகுக்குப் பின்னால் கிலுகிலுப்பையை ஆட்டினாள். அவன் திரும்பவில்லை. இன்னும் பலமாக ஆட்டினாள். அம்மாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தான். காமாலை முற்றியதில் காது போய்விட்டது என்றார் மருத்துவர்.

ஜெனிட்டா மகனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். பிறகு தமயந்தியிடம் கேட்டாள்: "அன்னைக்கு உங்க கண்ணுக்கு அந்த மஞ்சள் தெரிஞ்சுதா அக்கா?"

தமயந்தியால் பொய் சொல்ல முடியவில்லை.

"தெரிஞ்சுதும்மா."