பிப்ரவரி மேசை

“என் நாவல அறிவியல் புனைகதை அலமாரிக்கு மாத்துங்க.” கேட்கவே கூடாது என்று பதிப்பகத்தார் சொல்லி அனுப்பியதை ஆர்லீதா கேட்டுவிடுகிறாள். டெட்ராயிட் புத்தகக் கடையின் ஜன்னல் வழியே வரும் பனி வெளிச்சம், அவள் வாசிப்பதைக் கேட்கப் போட்ட நாற்பது நாற்காலிகளின் மேல் சாம்பலாய்க் கிடக்கிறது. முந்நூறு வருடம் கழித்து வியாழனின் நிலவில் நடக்கும் அவள் கதை, பிப்ரவரிக்கென வைத்த ‘கறுப்பர் வரலாற்று மாதம்’ என்ற அட்டைக்கடியில், அடிமைச் சங்கிலிப் படம் போட்ட புத்தகங்களுக்கு நடுவே இருக்கிறது. “உன்னக் கொண்டாடத்தானே தங்கச்சி இந்த மேசையே,” என்கிறார் கடைக்காரர் வெர்னன், கேக்கை வெட்டிக்கொண்டே. அவர் தோலும் அவள் நிறம்தான். “மார்ச்ல?” “மேசைய மடக்கிருவோம்.” “புத்தகம்?” “பெட்டிக்குள்ள. அடுத்த பிப்ரவரி எந்திரிக்கும், குளிருக்குத் தூங்குற கரடி மாதிரி.” அவரே சிரித்துக்கொள்கிறார். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. ஒரு பிரதியை எடுத்துப்போய் அறிவியல் புனைகதை அலமாரியில் இடம் விலக்கிச் செருகுகிறாள். கோட்டை மாட்டுகிறாள். “வாசிப்பு?” என்கிறார். “மத்த பிரதிகளையும் மாத்திட்டுக் கூப்பிடுங்கண்ணே.” கதவு மணி அவள் முதுகுக்குப் பின்னால் அடிக்கிறது.