ஞாயிற்றுக்கிழமை கார்புரேட்டர்

நாலாவது ஞாயிறாக, ரேணிகுண்டா தெருவில் மொபெட்டின் கார்புரேட்டரைக் கழற்றி ஊதிக்கொண்டிருந்தான் ஹரிபாபு. உள்ளே மறுபடியும் வெள்ளை வண்டல்.

"பெட்ரோல்லயே கலப்படம் பண்றானுங்க!"

புதுப் புடவையில் நின்ற மனைவி பிரேமலதா உச்சுக்கொட்டினாள். "புத்தூர்ல அத்தை காத்துக்கினு இருப்பாங்களே! பத்துப் பேருக்கு நான்தானே சமைக்கணும்?"

"இனிமே எங்க போறது? வாரமெல்லாம் கம்பெனியில நின்னுக்கினு வேலை செய்யிற. போய்ப் படு."

'இந்தக் காலத்தில் இப்படியொரு மருமகளா!' என்று எதிர்வீட்டு வெங்கடம்மா தெரு முழுக்கப் புகழ்ந்து தீர்த்தாள்.

அடுத்த ஞாயிறு விடியலில் அவள் எட்டிப் பார்த்தபோது, பிரேமலதா கோலம் போட்டு முடித்து, மிச்ச மாவைப் பெட்ரோல் டேங்கில் கொட்டிக்கொண்டிருந்தாள்.

வெங்கடம்மா ஓடிவந்தாள்.

"அடிப்பாவி! எங்க வூட்டு ஸ்கூட்டருக்கும் ஒரு பிடி குடுடி. என் மாமியார் காளஹஸ்தியில இருக்காங்க."